பாதியில் நின்ற ஷட்டர்

எங்கள் கடையில் தண்ணீர் சம்பந்தப்பட்ட எல்லாம் கிடைக்கும், தண்ணீரைத் தவிர. பி.வி.சி. குழாய், எல்போ, ஃபுட்வால்வு, மோட்டார், ஸ்டார்ட்டர், கேபிள், குழாய் ஒட்டுகிற சொல்யூஷன். வில்லியனூர் பஜாரில் தாத்தா போட்ட கடை. செலியமேட்டிலிருந்தும் கரையாம்புத்தூரிலிருந்தும்கூட ஆட்கள் வருவார்கள். பயிருக்குத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கும்போதுதான் மோட்டாருக்கு உடம்புக்கு வரும். அதுவும் ஞாயிற்றுக்கிழமை பார்த்து வரும். அதனால் எங்கள் கடைக்கு ஞாயிறு கிடையாது. பொங்கலன்று பானை பொங்குகிற நேரத்துக்கு மட்டும் மூடுவோம். இலையில் கை வைப்பதற்குள் யாராவது வாசலில் வந்து நின்று, "மொதலாளி, ஒரே ஒரு வாஷர்" என்பார். அந்த ஒரே ஒரு வாஷருக்காக அப்பா எத்தனையோ பண்டிகைகளில் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார்.

பஜாரில் ஷட்டருக்கு ஒரு பேச்சு உண்டு. முழுக்க மேலே இருந்தால் வியாபாரம் நடக்கிறது. முழுக்கக் கீழே இருந்தால் இன்னும் திறக்கவில்லை. பாதியில் நின்றால் சாவு. சவ ஊர்வலம் போகும்போது இரண்டு பக்கமும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வெளியே வந்து நிற்பார்கள். தாரை தப்பட்டைச் சத்தம் கடந்ததும் ஏற்றிவிடுவார்கள். கடைக்காரர் வீட்டிலேயே சாவு என்றால் அவருடைய கடை ஷட்டர் நாள் முழுக்கப் பாதியிலேயே நிற்கும். ஓடுகிறவருக்கு முழுசாக இறக்க நேரமிருந்திருக்காது என்று அர்த்தம். அதைப் பார்த்ததும் அக்கம்பக்கத்துக் கடைகளும் இறங்கிவிடும். யார், எப்போது என்று கேட்பதெல்லாம் அப்புறம்தான். முதலில் மரியாதை, பிறகு விசாரணை. எங்கள் கடைக்கு நேர் எதிரே பூக்கடை. அந்தப் பூக்கார அக்கா பாதி ஷட்டரைப் பார்த்துவிட்டால் கை தானாகச் சாவு மாலைக்குப் பூ அள்ளும்.

அண்ணன் கல்லாவிலேயே போய்விட்டார். காலை நேரம், கூட்டம் இருந்தது. யாருக்கோ கேபிள் அளந்து கொடுத்துவிட்டு, மேசையில் தலையைச் சாய்த்தார். எதிரே ஸ்டூலில் அப்பா உட்கார்ந்திருந்தார். களைப்பாக இருக்கிறான், கொஞ்சம் சாய்ந்துகொள்ளட்டும் என்று நினைத்து அவரே எழுந்துபோய் அடுத்த ஆளுக்குக் குழாய் எடுத்துக் கொடுத்திருக்கிறார். அதற்கடுத்த ஆள்தான் கவனித்தார். நான் அப்போது சேதராப்பட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். செய்தி கேட்டு வந்தபோது பஜார் முழுக்க ஷட்டர்கள் பாதியில் நின்றன.

காரியம் முடிந்த மறுநாள் அப்பா என்னைக் கூப்பிட்டார். வீட்டில் அண்ணன் பெரியவன், நான் சின்னவன். அப்பா வாயில் எங்களுக்கு வேறு பேர் வந்ததில்லை.

"சின்னவனே, போயி கடையத் தொற. கரும்புக்குத் தண்ணி வுடுற நேரம். ஜனம் அல்லாடும்."

திறந்தேன். தொழிற்சாலை வேலையை விட்டேன். அப்பா அன்றோடு பஜார் பக்கமே வரவில்லை. வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, சத்தத்தைக் குறைத்து வைத்த டி.வி.யைப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா முன்பே இல்லை. அண்ணி மகளைக் கூட்டிக்கொண்டு அவருடைய அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அப்பா அழவில்லை. நானும் அழவில்லை. அழக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான். அண்ணன் தலை சாய்ந்த மேசையில் நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடைக்கு அது ஒன்றுதான் வித்தியாசம்.

அதற்குப் பிறகு எதுவும் என் மனசில் படவில்லை. இதைத் துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கம் என்றால் ஏதாவது வலிக்க வேண்டுமே. சோறு சோறாக இருந்தது, குழம்பு குழம்பாக இருந்தது. என் மகள் பள்ளியில் வாங்கிய கோப்பையைக் கொண்டுவந்து காட்டினாள். "நல்லா இருக்குதும்மா" என்றேன். தேர் அன்று கடை வாசலிலேயே தேர் வந்து நின்றது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் ஒருவருக்கு முக்கால் அங்குல எல்போ எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மனைவி ஒரு தடவை, "நீங்க எங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்.

படி ஏறும்போது மூச்சு வாங்கியதால் டாக்டரிடம் போனேன். அவர் என் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு அண்ணனைப் பற்றி விசாரித்தார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டுச் சொன்னார்.

"உங்க அண்ணன் போன ரோட்லயேதான் நீங்களும் போய்க்கிட்டு இருக்கீங்க. மாத்திர தர்றேன். ஆனா வாரத்துல ஒரு நாள் கடைய மூடணும். மூடிட்டு வீட்ல படுக்கக்கூடாது. வெளிய போங்க. சைக்கிள் ஓட்டுங்க, நீச்சல் அடிங்க, ஏதாவது செய்ங்க. ஒர்க் லைஃப் பேலன்ஸ்னு சொல்றாங்களே, அது இல்லாம ஒடம்பு தாங்காது."

வேலையையும் வாழ்க்கையையும் தராசில் போட்டுச் சமம் பார்க்க வேண்டுமாம். எங்கள் கடையில் தராசே கிடையாது, அளவு டேப்தான். அதுவுமில்லாமல், இந்தத் தட்டில் வேலையை வைத்தால் அந்தத் தட்டில் எதை எடுத்து வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஒன்று மட்டும் விளங்கியது: நானும் அதே மேசையில் தலை சாய்ப்பேனா மாட்டேனா என்பதுதான் கேள்வி. அது பயத்தையும் தரவில்லை. சரக்கு தீரப்போகிறது என்று கேட்பதுபோல் கேட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள்.

அப்பா டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கடைய சாத்துனா ஜனம் இன்னா நெனைக்கும்? வூட்ல யாரோ செத்துப் பூட்டாங்கன்னு நெனைக்கும்" என்றார்.

பேச்சு அதோடு முடிந்தது.

ஒதியம்பட்டிலிருந்து ஒரு விளையாட்டு வாத்தியார் கடைக்கு வருவார். அரசுப் பள்ளியில் வேலை. என்னைவிடச் சின்னவர், வெயிலில் கறுத்த ஆள். அவர் வாங்கும் குழாய் எதற்கென்று எனக்குப் புரிந்ததில்லை. வயலுக்குமில்லை, வீட்டுக்குமில்லை. ஒருநாள் கேட்டேன். படகுகளை ஏற்றி வைக்க ஸ்டாண்ட் செய்கிறாராம். கயாக் என்று சொல்லும் சின்னப் பிளாஸ்டிக் படகுகள், ஒருவர் இருவர் உட்கார்ந்து துடுப்புப் போடுவது. ஆபீஸ் ஆட்கள், வங்கி ஆட்கள், ஒரு நர்ஸம்மா என்று ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு விடிகாலையில் ஏரிக்கரையில் சைக்கிள் ஓட்டுவதும், ஆற்றில் தண்ணீர் இருக்கும்போது படகு விடுவதுமாக இருந்தார்.

"அண்ணே, இத்தினி வருஷமா தண்ணி சாமான் விக்கிறீங்களே, தண்ணிய பாத்துகிறீங்களா?" என்றார்.

"பாத்ரூம்ல பாக்குறேன்."

"நாளைக்கி காலைல வாங்க. கடை தொறக்கிறதுக்குள்ள கொண்ணாந்து வுட்டுட்றேன்."

போனேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு சக்தி வேண்டும், அது என்னிடம் இல்லை. மகளுடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். முன்னால் கூடை வைத்த ரோஸ் கலர் சைக்கிள். பாகூர் ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்தபோது வங்கி அதிகாரி ஒருவர், "ஆகா, என்ன அமைதி, மனசே லேசாயிடுச்சு" என்றார். எனக்கு லேசாகவும் இல்லை, கனமாகவும் இல்லை. ஏரி இருந்தது. அதில் பறவைகள் இருந்தன. மதகுப் பக்கம் யாரோ மலிவு விலைக் குழாய் போட்டிருந்தார்கள், வெயிலுக்கு வெடித்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் திரும்பி வந்ததும் பசித்தது. சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது என்று சாப்பிடுவேனே, அதுவல்ல. வயிற்றைப் பிடித்து இழுக்கிற பசி. மனைவி சுட்டுப்போட்ட இட்லியை எண்ணாமல் தின்றேன். அவள் கரண்டியோடு நின்று பார்த்தாள். அடுத்த தடவை அவளே அலாரம் வைத்து என்னை எழுப்பினாள்.

இப்படிச் சில விடியல்கள் போனேன். அப்பாவிடம் வாக்கிங் என்று சொல்லியிருந்தேன். சர்க்கரைக்கு வாக்கிங் போவது எங்கள் பஜாரில் கௌரவமான காரியம். படகு, சைக்கிள் என்றால் பைத்தியம் பிடித்துவிட்டது என்பார்கள்.

மழை விட்டு, ஆற்றில் தண்ணீர் அடங்கி ஓடிக்கொண்டிருந்த சமயம். ஓர் அரசு விடுமுறை வந்தது. சங்கராபரணி ஆற்றில் திருக்காஞ்சிக்குக் கீழே படகை இறக்கி வெகுதூரம் போய்வரலாம், மத்தியானம் ஆகிவிடும் என்றார் வாத்தியார். அரசு விடுமுறைக்கெல்லாம் பஜார் மூடாது. எங்கள் கடையில் வேலை செய்பவருக்கு அன்று ஊரில் தீமிதி, அவர் வரமாட்டார். மனைவி பிள்ளைகளோடு நெட்டப்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். போவது என்றால் கடையை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். மத்தியானத்துக்கு மேல் திறந்தால் உலகம் ஒன்றும் முழுகிவிடாது என்று முதல் தடவையாகத் தோன்றியது. அப்பாவிடம் சொல்லவில்லை. சொன்னால் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததுதானே.

விடிகாலை கடைக்குப் போனேன். ஒரு விவசாயிக்கு ஸ்டார்ட்டர் தருவதாகச் சொல்லியிருந்தேன், அவர் வந்து வாங்கிக்கொண்டு போனார். போனில் வரிசையாக அழைப்பு வரும் என்பதால் அதை அணைக்காமல் கல்லாப் பெட்டிக்குள் போட்டு மூடினேன். அணைத்தால் ஏன் அணைத்தாய் என்று கேள்வி வரும். உள்ளே மடக்குக் கதவைப் பூட்டிவிட்டு ஷட்டரை இழுத்தேன். இடுப்புயரத்தில் வந்து சிக்கிக்கொண்டது. மழைக்காலத்திலிருந்தே அதன் ஸ்பிரிங் சரியில்லை. தொங்கிப் பார்த்தேன், உதைத்துப் பார்த்தேன், அசையவில்லை. தெருமுனையில் வாத்தியார் மணி அடித்துக்கொண்டிருந்தார். உள்கதவுதான் பூட்டியிருக்கிறதே என்று அப்படியே விட்டுவிட்டுச் சைக்கிளில் ஏறினேன். பூக்கடை அப்போது திறந்திருக்கவில்லை. டீக்கடை மாஸ்டர் மட்டும் என்னைப் பார்த்தார்.

ஆற்றைப் பற்றி அழகாக எழுத எனக்கு வராது. பழுப்புத் தண்ணீர், இரண்டு பக்கமும் நாணல், ஒரு கரையில் துணி துவைக்கும் சத்தம். லைஃப் ஜாக்கெட்டை மாட்டி என்னை ஒற்றைப் படகில் உட்காரவைத்தார்கள். போகும்போது எல்லாம் சரியாக இருந்தது. திரும்பும்போது ஒரு வளைவில் துடுப்பைத் தப்பாகப் போட்டேன். படகு சாய்ந்தது. நான் தலைகீழாகத் தண்ணீருக்குள் போனேன்.

கண்ணுக்கு முன்னால் சேறு. மூக்கில், வாயில் சேறு. மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. நெஞ்சில் என்னவோ பிய்த்துக்கொண்டு எழுந்தது. பயம். அண்ணன் போனதிலிருந்து அப்படி ஒன்று எனக்குள் வந்ததே இல்லை. வேண்டாம், வேண்டாம், நான் சாகமாட்டேன் என்று கையையும் காலையும் அடித்தேன். யாரிடம் சொன்னேனோ தெரியாது. ஜாக்கெட் என்னைத் தூக்கி மேலே போட்ட பிறகும் அடித்துக்கொண்டே இருந்தேன்.

வாத்தியார் பக்கத்தில் படகை நிறுத்திக்கொண்டு பொறுமையாகச் சொன்னார். "அண்ணே, கால ஊனுங்க. மாரு மட்டுந்தான் தண்ணி."

ஊன்றினேன். மார் மட்டும்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஒரு சத்தம் கொஞ்சம் கரகரப்பாகப் புதிதாகக் கேட்டது, நான்தான் சிரித்துக்கொண்டிருந்தேன். கரையில் ஏறி உட்கார்ந்தேன். நர்ஸம்மா டீ ஊற்றிக் கொடுத்தார். டீ இனித்தது. இனிக்கிறது என்பதை நாக்குச் சொன்னது.

உடம்பெல்லாம் ஈரத்தோடு, காதில் சேற்றோடு பஜாருக்குள் நுழைந்தபோது நல்ல வெயில். தெருமுனையிலேயே பார்த்துவிட்டேன். ஷட்டர்கள் பாதியில் நின்றன. மளிகைக்கடை, பாத்திரக்கடை, மருந்துக்கடை, எல்லாம். பழக்கத்தில் கால் தானாகச் சைக்கிளிலிருந்து இறங்கியது. யாரோ நம் பஜார்க்காரர் வீட்டில் என்று நினைத்தபடி தள்ளிக்கொண்டு நடந்தேன். கேட்க ஆளில்லை. டீக்கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, மாஸ்டரைக் காணவில்லை. பூக்கடையில் பாதி கட்டிய மாலை கூடையில் கிடந்தது, அக்காவைக் காணவில்லை. திரும்பி எதிரே பார்த்தேன்.

எங்கள் கடை ஷட்டர் பாதியில் நின்றது.

என் கையால் இழுத்து, என் காலால் உதைத்து, நானே விட்டுவிட்டுப் போன ஷட்டர் அது. அது எனக்கு ஒரு துளியும் ஞாபகம் வரவில்லை. பஜாரில் பிறந்தவன் கண்ணுக்குப் பாதி ஷட்டர் என்றால் ஒரே அர்த்தம்தான். அப்பா போய்விட்டார் என்று நினைத்தேன். உள்ளே கல்லாப் பெட்டிக்குள் போன் அடித்துக்கொண்டிருந்தது.

சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். வீடு பஜாருக்குப் பின்தெருவில். ஓடும்போது, அப்பா தனியாக இருந்திருப்பாரே, தண்ணீர் கேட்டிருப்பாரே, நான் படகில் இருந்தேனே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். வலித்தது. இத்தனை நாள் எங்கேயோ போயிருந்த வலி மொத்தமாகத் திரும்பி வந்திருந்தது.

வாசலில் பஜாரே நின்றது. எல்லோர் கையிலும் மாலை. என்னைப் பார்த்ததும் பூக்கார அக்கா "ஐயோ" என்று அலறி இரண்டடி பின்னால் போனார். கூட்டம் விலகியது. கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார், உயிரோடு.

நடந்ததைப் பிறகு பூக்கார அக்காதான் சொன்னார். கடையைப் பார்த்ததும், அப்பாதான் போய்விட்டார் என்று மாலையோடு வந்திருக்கிறார்கள். கதவைத் தட்டினால் அப்பாவே வந்து திறந்திருக்கிறார். எல்லோரும் விக்கித்துப்போய் நிற்க, "இன்னாப்பா, யாருக்கு?" என்று கேட்டிருக்கிறார். "சின்னவரு எங்க?" என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். "கடையில" என்றிருக்கிறார் அப்பா. கடை பாதி சாத்திக் கிடக்கிறது, உள்ளே போன் அடிக்கிறது, ஆள் இல்லை. விடிகாலையில் ஆற்றுப் பக்கம் சைக்கிளில் போனதைப் பார்த்தேன் என்று டீ மாஸ்டர் சொல்லியிருக்கிறார். எங்கள் ஆறு மழை விட்டதும் வருடாவருடம் யாரையாவது எடுத்துக்கொள்கிற ஆறு. அதைக் கேட்டதும் அப்பா நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் என்னைத் தேட ஆற்றுக்குக் கிளம்பியிருந்தார்கள். வேறு வழியில் வந்ததால் நான் அவர்களைப் பார்க்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார். ஈரச் சட்டையை, சேற்றை, வெறுங்காலைப் பார்த்தார். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்து வந்து என் தோளில், நெஞ்சில், முகத்தில் கை வைத்துப் பார்த்தார்.

"எங்கடா போன?"

"ஆத்துக்குப்பா."

"ஆத்துக்கு இன்னாத்துக்குடா?"

"படகு வுட."

கூட்டத்தில் யாருக்கோ சிரிப்பு வந்து இருமலானது. அப்பா அடிப்பதற்குக் கையை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே என் கழுத்தைச் சுற்றிக்கொண்டது.

"பெரியவனே," என்றார். "பெரியவனே, களைப்பா இருக்குதுன்னு நெனச்சன்டா. சாஞ்சிகினு கெடக்கட்டும்னு வுட்டுட்டன்டா."

அண்ணனைத்தான் கூப்பிட்டார். கூப்பிட்டுக்கொண்டே அழுதார். என் கழுத்தை நனைத்தது ஆற்றுத் தண்ணீரா அப்பாவின் கண்ணீரா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் ஒரே வீட்டில் ஒரே மேசையை நினைத்துக்கொண்டு இரண்டு பேரும் டி.வி. பார்த்திருக்கிறோம்.

மாலைகளை என்ன செய்வது என்று ஒரு பிரச்சினை வந்தது. சாவுக்குக் கட்டிய மாலையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகக்கூடாது என்றார் பூக்கார அக்கா. "பெரியவனுக்குப் போடு" என்றார் அப்பா. அண்ணன் படத்துக்கு அத்தனை மாலை தாங்காது. ஆணி பிடுங்கிக்கொள்ளும் என்று மிச்சத்தைப் படத்தின் கீழே வைத்தார்கள். வீடு முழுக்கச் சம்பங்கி வாசனை. கடைக்காரர்கள் ஒவ்வொருவராகப் போய் ஷட்டரை ஏற்றினார்கள். நான் சாவியை எடுத்தபோது அப்பா, "இன்னிக்கி வேணாம். அப்டியே கெடக்கட்டும்" என்றார். அன்று எங்கள் கடை மட்டும் பாதியிலேயே நின்றது.

அப்புறம் சில நாள் என்னை "படகு மொதலாளி" என்று பஜாரில் கூப்பிட்டார்கள். டீ மாஸ்டர் கிளாஸை நீட்டும்போதெல்லாம், "மாரு மட்டும் ஊத்துனா போதுமா?" என்பார். கேட்டுக்கொண்டேன். ஸ்பிரிங்கை மாற்றினேன். டாக்டரிடம் போனபோது, "மூடுறீங்களா?" என்றார். "ஒரு தடவை மூடினேன்" என்றேன்.

பிறகு ஒருநாள் விடிகாலை அலாரம் அடித்தது. எழுந்து வந்தால் கூடத்தில் அப்பா வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டேன். "நட" என்றார். அண்ணன் போனதிலிருந்து பஜாருக்குள் கால் வைக்காதவர், என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு தெருமுனை திரும்பினார். கடைக்கு முன்னால் வந்ததும் என்னை ஷட்டரை ஏற்றச் சொன்னார். உள்ளே அந்த மேசையைப் பார்த்தார். பிறகு ஷட்டரில் கை வைத்து, "புடி" என்றார். இரண்டு பேருமாக இழுத்தோம். புது ஸ்பிரிங், சத்தமில்லாமல் தரைவரைக்கும் இறங்கியது. அப்பா குனிந்து, இடைவெளி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார்.

அப்போதுதான் பூக்கார அக்கா கூடையை இறக்கிக்கொண்டிருந்தார். அப்பா தெருவைக் கடந்து அவரிடம் போனார். அடுத்து டீ மாஸ்டரிடம். அடுத்து மளிகைக்கடை வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தவரிடம். பஜாரின் கடைசிவரை வீடு வீடாகக் கல்யாணப் பத்திரிகை வைப்பவர் மாதிரி, ஒவ்வொரு கடையாக நின்று சொல்லிக்கொண்டே போனார். வாத்தியார் தெருமுனையில் மணி அடித்துக்கொண்டிருந்தார். நான் ரோஸ் கலர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது, வரட்டும் என்று விட்டேன். அப்பாவின் குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"இன்னிக்கி கடை லீவு. எம்புள்ள படகு வுடப் போறான். எங்க வூட்ல யாரும் சாவல. மால எடுத்தாராதீங்க."